குழாய் இணைந்தது, தமிழ் இணைந்ததா?

ஓர் இனத்தை அடிமைப்படுத்த விரும்புவோர் முதற்கண் அதன் பாட்டைப் பறிப்பதில்லை. அதன் தொழிற்சொல்லைப் பறிக்கின்றனர். பாட்டும் கூத்தும் மேடையில் நிற்கட்டும் என விட்டுவிட்டு, உலைக்களத்திலும் தறிக்கூடத்திலும் ஏரிக்கரையிலும் கட்டுமானக் களத்திலும் வழங்கும் சொற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்து, அவ்விடத்தில் தம் சொல்லை நட்டுவிடின், எஞ்சிய மொழி விழாநாளில் மட்டும் எடுத்து உடுத்தும் பட்டாடையாகிப் பேழைக்குள் அடங்கிவிடும். இற்றைத் தமிழகத்தில் நிகழ்ந்துகொண்டிருப்பது இதுவே.

இதற்குச் சான்று வேண்டுவோர் பெரிய அரசியல் நூல்களைப் புரட்ட வேண்டா. ஒரு கட்டடத்தின் நிலைக்குழாயையும் கிடைக்குழாயையும் கணிப்பொறித் திரையில் இணைக்கும் சிறு பணியைக் கூர்ந்து நோக்கினாற் போதும். குழாய்க்கும் மொழிக்கும் என்ன உறவு என்று நகைப்போர், இறுதிவரை படித்தபின் நகைக்கட்டும்.

திரையில் நிகழ்வது என்ன?

இன்று எழும்பும் பெருங்கட்டடம் எதுவும் முதலிற் கணிப்பொறியில் எழும்புகின்றது. சுவர், தூண், தளம், குழாய் யாவும் முப்பருமான உருவாகத் திரையில் அமைந்த பின்னரே கல்லும் கலவையும் களத்திற்கு வருகின்றன. இப்பணிக்கு உலகிற் பரவலாக ஆளப்பெறும் மென்பொருள்களுள் ஒன்று 'இரெவிட்' என்பது. அமெரிக்காவின் மாசசூசெட்சு மாநிலத்தில் 1997இல் தொடங்கிய ஒரு சிறு நிறுவனம் இதனை உருவாக்கி, 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது. 'ஆட்டோடெசுக்கு' நிறுவனம் 2002இல் 13 கோடியே 30 இலக்கம் தாலர் கொடுத்து அதனை வாங்கிற்று. சென்னையிலும் கோவையிலும் தமிழ் இளைஞர் பலர், அயல்நாட்டுக் கட்டடங்களின் குழாய்த்தொகுதிகளை இம்மென்பொருளில் வரைந்து கொடுத்தே ஊதியம் பெறுகின்றனர்.

அதில் குழாய் இணைக்கும் முறை இது. தளப்படத்தில் கோடு இழுத்தால் அது கிடைக்குழாய். அக்குழாய் தளத்தினின்று எவ்வளவு உயரத்தில் ஓடுகின்றது என்பதை ஓர் எண் குறிக்கும். கோடு இழுத்துக்கொண்டிருக்கும்போதே அவ்வெண்ணை மாற்றி ஏற்கச் செய்தால், இரண்டு உயரங்களுக்கும் இடையில் மென்பொருள் தானே ஒரு நிலைக்குழாயை நிறுத்தி, திரும்புமிடத்தில் வளைவு ஒன்றையும் பொருத்துகின்றது. முன்னரே தனித்தனியாக வரைந்த இரு குழாய்களாயின், 'மூலை கூட்டுக' என்னும் பொருள்படும் கட்டளையால் வளைவும், 'நீட்டுக' என்னும் பொருள்படும் கட்டளையால் மும்முனை இணைப்பும் அமைகின்றன.

ஆயின் இது எப்பொழுதும் நிகழ்வதில்லை. எந்தக் குழாய்வகைக்கு எந்த வளைவு, எந்த மும்முனை, எந்த ஒடுக்கி என்னும் வரிசை முன்கூட்டியே எழுதப்பட்டிருத்தல் வேண்டும். எழுதப்படாவிடின் மென்பொருள் கைவிரித்துவிடும். இரு குழாய்களின் நடுக்கோடுகளும் ஒரே தளத்தில் சந்தித்தல் வேண்டும். விரலகலம் விலகி நின்றாலும் இணையா. கிடைக்குழாய்க்கு வாட்டம் கொடுத்துவிட்டால் சிக்கல் இன்னும் நுணுகும். 50க்கு 1 என்னும் வாட்டத்தில் ஓடும் குழாய், நிலைக்குழாயோடு 90 பாகையிற் சந்திப்பதில்லை. ஒரு புறம் ஏறத்தாழ 91.15 பாகை, மறுபுறம் 88.85 பாகை. '45, 90 என்னும் கோணங்களை மட்டுமே ஏற்பேன்' என மென்பொருட்குக் கட்டளையிட்டிருப்பின், அது 'கோணம் பொருந்தவில்லை' என மறுத்துவிடும். களத்தில் விற்கும் கழிவுநீர் வளைவுகளில் 87.5 பாகை என்னும் அளவு வழங்குவதன் பொருளும் இதுவே. அந்த 2.5 பாகை வீணன்று, அதுவே வாட்டம்.

இவை யாவற்றினும் தலையாய செய்தி ஒன்றுண்டு. திரையில் இரு குழாய்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பது போலத் தோன்றலாம். கண்ணுக்கு இடைவெளி தெரியாது. ஆயினும் அவற்றின் இணைமுகங்கள் ஒன்றோடொன்று பிணைந்திராவிடின், மென்பொருளின் கணக்கில் அவை இரண்டும் வேறு வேறு. ஒன்றிற் பாயும் நீர் மற்றொன்றிற் பாய்வதாக அது கொள்ளாது. விட்டமும் பாய்வளவும் கணக்கிடாது. தொட்டிருத்தல் வேறு, இணைந்திருத்தல் வேறு. இவ்வொரு தொடரைத் தமிழர் தம் நெஞ்சில் எழுதிக்கொள்வாராக. தமிழும் தொழிலறிவும் இன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன, இணைந்திருக்கவில்லை.

அறிவு யாருடையது, சொல் யாருடையது?

'இது வெறும் பொத்தான் அழுத்தும் வேலை. இதற்கு மொழி எதற்கு?' என்பார் உளர். அவர் குழாயையும் அறியார்; மொழியையும் அறியார்.

நிலைக்குழாயில் இறங்கும் கழிவுநீர் குழாயை நிறைத்துக்கொண்டு இறங்குவதில்லை. அது குழாயின் உட்சுவரைப் பற்றிக்கொண்டு வளையமாக வழிகின்றது. நடுவிற் காற்று நிற்கின்றது. அடியில் அது கிடைக்குழாய்க்குத் திரும்பும்போது விரைவு சட்டெனக் குறைகின்றது, நீர்மட்டம் எழும்பித் தாவுகின்றது, காற்றுக்கு வழியடைகின்றது. அடைபட்ட காற்று, கீழ்த்தளத்துக் கழுவுதொட்டிகளின் நீர்ப்பூட்டை ஊதித் தள்ளிவிட்டு, நச்சுக் காற்றை வீட்டுக்குள் விடுகின்றது. இதனாலன்றோ கூர்த்த பொறியாளர், நிலைக்குழாயின் அடியில் ஒரே குறுவளைவை இடாது, 45 பாகை வளைவுகள் இரண்டையோ நீள்வளைவு ஒன்றையோ இடுகின்றனர். கீழ்த்தளத்துக் கழிவைத் தனிக்குழாயிற் கொண்டுபோவதும் இதுபற்றியே.

இந்த அறிவு மென்பொருளில் இல்லை. அது தன் வரிசையில் எது முதலில் இருக்கின்றதோ அதனைப் பொருத்திவிட்டு வாளா இருக்கும். குறுவளைவு இருந்தால் குறுவளைவு. நீள்வளைவு இருந்தால் நீள்வளைவு. எது வேண்டும் எனத் தேர்வது மாந்தனின் அறிவு. அவ்வறிவு வரைபவனுக்கு மட்டும் இருந்தாலும் போதாது. வரைபடத்தைக் கையில் வாங்கிக் குழாயை அறுத்து ஒட்டும் தொழிலாளிக்கும் அது போய்ச் சேர்தல் வேண்டும். அவனுக்கோ வரைபடம் ஆங்கிலத்தில் வருகின்றது. குறிப்பும் பட்டியலும் எச்சரிக்கையும் ஆங்கிலத்தில் வருகின்றன. பொறியாளன் எழுதியதை அவனால் படிக்க இயலவில்லை. அவன் அறிந்ததைப் பொறியாளனால் எழுத இயலவில்லை. இருவரும் தமிழர்; இருவரும் ஒரே களத்தில் நிற்கின்றனர்; இருவர்க்கும் இடையில் அயன்மொழி என்னும் அடைப்பு.

அதன் பயன் என்ன? 'நீள்வளைவு' என்று வரைபடம் கூறிய இடத்தில், கையிற் கிடைத்த குறுவளைவு ஒட்டப்படுகின்றது. '40க்கு 1' என்றால் 10 மீட்டரில் 25 செண்டிமீட்டர் இறக்கம் என்பது சொல்லப்படாமையால், கண்மதிப்பில் வாட்டம் போகின்றது. சுவர் பூசி, தளம் போட்டு, குடியேறிய பின்னர்க் குழாய் அடைக்கின்றது. அடைப்பை எடுக்க யார் வருகின்றார்? வரைந்தவன் வருவதில்லை, மேற்பார்த்தவன் வருவதில்லை. காலங்காலமாகச் சாதிக் கொடுமையால் அப்பணியிற் கட்டிவைக்கப்பட்ட ஏழைத் தமிழன் வருகின்றான். மலக்குழிக்குள் மாந்தரை இறக்குவதைத் தடை செய்யும் சட்டம் 2013இல் வந்தது. இறந்தார் குடும்பத்திற்கு 10 இலக்கம் உருபா தருக என உச்ச நயன்மன்றம் 2014இல் ஆணையிட்டது. 2023இல் அதனை 30 இலக்கமாக உயர்த்திற்று. இவ்வளவிற்குப் பின்னும் கழிவுக்குழிச் சாவுகளின் கணக்கில் தமிழகம் முன்வரிசையில் நிற்பது நாணத்தக்கதாகும். அச்சாவுகட்கெல்லாம் மொழி ஒன்றே கரணியம் என்று கூறுவது பொய்யாகும். சாதியும் பணப்பேராசையும் அரசின் புறக்கணிப்புமே முதற்கரணியங்கள். ஆயினும் தொழிலாளிக்குப் புரியாத வரைபடம் குழாயைக் கெடுப்பதும், கெட்ட குழாய் மாந்தனைக் குழிக்குள் இழுப்பதும் மறுக்கவொண்ணா உண்மைகள். மொழிச்சிக்கல் என்பது புலவர் சிக்கலன்று. வயிற்றுச் சிக்கல், உயிர்ச் சிக்கல்.

தமிழில் சொல் இல்லையா?

'தமிழில் இதற்கெல்லாம் சொல் ஏது?' என்னும் பழம்புலம்பல் இனி எழும். இப்புலம்பலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிற்று.

குழாய் என்பது தமிழ். தூம்பு என்பது தமிழ். மடை, மதகு, வாய்க்கால், கால்வாய், கலிங்கு யாவும் தமிழ். ஏரிகளின் உள்ளே தமிழர் அமைத்த குமிழித்தூம்பைக் கண்டவர், நிலைக்கும் கிடைக்கும் உள்ள இணைப்பைத் தமிழனுக்குக் கற்பிக்க வரமாட்டார். இரு கல்தூண்களின் நடுவே அடைப்புக்கல், அதனைத் தூக்கினால் திறக்கும் நீரோடித் துளை, நேர்கீழாக இறங்கும் நீர், அடியில் தொட்டி, வண்டலை இழுத்துச் செல்லும் சேறோடித் துளை, ஆங்கிருந்து கரையின் அடியிற் கிடையாக ஓடும் கற்குழாய். நேர்கீழ் இறங்கும் நீரைக் கிடையாகத் திருப்பி, வண்டலையும் உடன் வெளியேற்றிய அமைப்பு இது. பல்லவர், பாண்டியர், சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் தூம்பும் குமிழியும் இடம்பெறுகின்றன. அவற்றை அமைத்தவன் எவனிடமும் சொல் இரந்து நின்றானல்லன்.

அதனினும் முற்பட்டது கீழடி. 2019ஆம் ஆண்டு அகழாய்வில், ஒன்றனோடொன்று பொருத்திய சுடுமண் குழாய்கள் மண்ணிலிருந்து வெளிவந்தன. நேர்கீழாக உறைகளை அடுக்கிய கிணறுகளும் அங்கு உள. நிலையும் கிடையும் அறிந்த மக்கள் வாழ்ந்த ஊர் அது. அம்மண்ணிற் பிறந்தவன் இன்று வளைவுக்கு 'எல்போ' என்கின்றான். ஒடுக்கிக்கு 'ரெடியூசர்' என்கின்றான். கேட்டால், 'இதுதான் பெயர்' என்கின்றான்!

'எல்போ' என்பது என்ன? ஆங்கிலத்தில் முழங்கை. அவ்வளவுதான். ஆங்கிலக் கம்மியன் வானத்திலிருந்து சொல்லைக் கொணரவில்லை. தன் கையை மடக்கிப் பார்த்தான், பெயரிட்டான். பிரெஞ்சுக்காரனும் இசுபானியனும் தத்தம் மொழியில் முழங்கை என்றே அதனை அழைக்கின்றனர். போலந்துக்காரனும் செக்கு நாட்டானும் முழங்காலைப் பார்த்தனர். அவர்க்கு அது முழங்கால். எல்லார்க்கும் கையும் காலும் உண்டு. தமிழனுக்கு மட்டும் இல்லையா? அவன் மட்டும் ஆங்கிலேயன் கையைக் கடன் வாங்க வேண்டுமா?

'டீ' என்பது ஆங்கில எழுத்தொன்றன் வடிவம். அவன் தன் எழுத்தைக் கொண்டு பெயரிட்டான். தமிழனின் எழுத்து எங்கே போயிற்று? 'ப' வடிவிற் கட்டிய வீடு என்று பொதுமக்கள் இன்றும் கூறுகின்றனர். அவ்வாறே, நேர்கீழ் இறங்கிக் கிடையாகத் திரும்பும் 'ட' என்னும் எழுத்தைவிட இக்குழாய் வளைவிற்கு ஏற்ற படம் உலகின் எவ்வெழுத்தில் உண்டு? நிலைக்குழாயும் கிடைக்குழாயும் இணைந்த வடிவத்தை எழுத்தாகவே வைத்துக்கொண்டிருக்கும் இனம், அவ்வடிவத்திற்குப் பெயரின்றித் தவிப்பதாகக் கூறுவது எத்துணைப் பேதைமை!

மூன்று நீர்கள் கூடுமிடம் முக்கூடல். அப்பெயரில் ஊரே உண்டு. மும்முனை இணைப்பு முக்கூடல் ஆகட்டும். நான்முனை இணைப்பு நாற்கூடல் ஆகட்டும். சாய்ந்து பிரியும் இணைப்பு, சிற்றூர்ச் சிறுவனும் அறிந்த கவை. பெரிய விட்டத்தைச் சிறிதாக்குவது ஒடுக்கி. குழாயின் உள்ளடி உயரம் அடிமட்டம். சாய்வுக்குச் சொல் தேடவே வேண்டா. ஊர்ப்புறக் கொத்தனார் எவரும் 'வாட்டம்' என்றே கூறுகின்றார். தூக்குக்குண்டும் மூலைமட்டமும் அவர் கையில் இன்றும் தமிழ்ப்பெயரோடு தொங்குகின்றன. படித்தவன் தொலைத்த சொல்லைப் படியாதவன் காத்து வைத்திருக்கின்றான். படித்தவனுக்கு அதனைக் கேட்டு வாங்கும் பணிவு இல்லை. இதுவே உண்மை நோய்.

பிற இனங்கள் செய்தது என்ன?

அந்த இரெவிட் மென்பொருள் ஆங்கிலத்தில் மட்டுமா உள்ளது? செருமன், பிரெஞ்சு, இத்தாலியம், இசுபானியம், சப்பானியம், கொரியம், சீனம், உருசியம், போலியம், செக்கு, பிரேசிலியப் போர்த்துக்கேயம் ஆகியவற்றிலும் அது கிடைக்கின்றது. செக்கு மொழி பேசுவோர் ஏறத்தாழ ஒரு கோடியினர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்திய ஒன்றியத்துள் மட்டும் தமிழ் பேசுவோர் 6 கோடியே 90 இலக்கத்தினர். ஈழமும் சிங்கப்பூரும் மலேசியாவும் வேறு. ஒரு கோடிக்குக் கிடைத்தது ஏழு கோடிக்கு ஏன் கிடைக்கவில்லை? செக்கு நாட்டுப் பொறியாளன் தன் மொழியில் வேண்டும் என்கின்றான். தன் மொழியில் இல்லாததைத் தன் அலுவலகத்தில் ஏற்கத் தயங்குகின்றான். அவன் நாட்டுக் கல்லூரி அவன் மொழியிற் கற்பிக்கின்றது. தமிழ்ப் பொறியாளனோ கேட்பதே இல்லை. கேளாதவனுக்கு வணிகன் எதற்குக் கொடுப்பான்?

இடையில் ஒன்று குறிக்கத்தக்கது. அம்மென்பொருள் இந்தியிலும் இல்லை. 'இந்தி படித்தால் வேலை கிடைக்கும்' என்று தமிழ்ப் பிள்ளைகட்கு ஆசைகாட்டுவோர், இந்தியைக் கொண்டு ஒரு முழங்கைக் குழாயையேனும் திரையில் இணைத்துக் காட்டட்டும்!

அங்கேரி நாட்டைப் பார்க்க. அதன் மக்கள்தொகை இன்று ஒரு கோடிக்கும் குறைவு. மேலைநாட்டுக் கணிப்பொறி எளிதிற் கிட்டாத 1982இல், புடாபெசுத்து நகரிற் சிலர் 'கிராபிசாப்ட்டு' என்னும் சிறு நிறுவனத்தைத் தொடங்கினர். பாக்சு என்னும் ஊரின் அணுமின் நிலையக் குழாய்த்தொகுதியை முப்பருமான உருவாக அமைத்தது அவர்தம் தொடக்கப் பணிகளுள் ஒன்று. குழாயிலிருந்து எழுந்தது அவர் புகழ்! 'ஆர்க்கிகேடு' என்னும் அவர்தம் கட்டட மென்பொருள் இன்று உலகெங்கும் விற்கின்றது. அங்கேரி மொழியிலும் இயங்குகின்றது. சிறுமொழி என்று அவர் நாணவில்லை. உலகச் சந்தைக்குப் போக வேண்டும் என்பதற்காகத் தாய்மொழியைக் கதவுக்கு வெளியே நிறுத்தவும் இல்லை.

தமிழாலும் இயலும் என்பதற்குப் பழஞ்சான்று ஈழத்தில் உண்டு. அமெரிக்க மருத்துவராகிய சாமுவேல் கிரீன், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். அயல்நாட்டான் ஒருவன் நரம்பையும் குருதிக்குழாயையும் தமிழில் விளக்கினான்; தமிழ்நாட்டுப் பொறியாளனுக்கு நீர்க்குழாயைத் தமிழில் விளக்க நா எழவில்லை!

அரசும் கல்வியும்

அரசுக் கட்டடங்களின் முகப்பில் 'தமிழ் வாழ்க' என ஒளியெழுத்து மின்னுகின்றது. மகிழ்க! அக்கட்டடத்தின் வரைபடத்தை எடுத்துப் பார்ப்பின், நிலைக்குழாய் ஆங்கிலம், கிடைக்குழாய் ஆங்கிலம், அளவு ஆங்கிலம், குறிப்பு ஆங்கிலம். தமிழ் வாழ்வது முகப்பில். ஆங்கிலம் வாழ்வது நரம்பில். ஆட்சிமொழிச் சட்டம் 1956இல் இயற்றப்பட்டது. கோப்பிற்குத் தமிழ் என்றவர், வரைபடமும் கோப்பே என்பதை மறந்தது ஏன்?

2010ஆம் ஆண்டு அண்ணா பல்கலைக்கழகத்திற் கட்டுமானப் பொறியியலும் எந்திரப் பொறியியலும் தமிழ்வழியில் தொடங்கப்பெற்றன. நன்முயற்சி. ஆயின் 2023ஆம் ஆண்டு மே மாதம், உறுப்புக் கல்லூரிகள் பலவற்றில் அவ்வகுப்புகளை நிறுத்திவைப்பதாக அறிவிப்பு வந்தது. கண்டனம் எழுந்ததும் அது திரும்பப் பெறப்பட்டது. மாணவர் சேரவில்லை என்பது அன்று கூறிய கரணியம். ஏன் சேர்வர்? வகுப்பில் தமிழ், ஆய்வுக்கூடத்து மென்பொருளில் ஆங்கிலம், வரைபடத்தில் ஆங்கிலம், வேலைத்தேர்வில் ஆங்கிலம் என்றால், தமிழ்வழி என்பது எங்கும் இணையாது நடுவழியில் நின்றுபோன குழாயன்றோ? குழாயின் ஒரு முனையை மட்டும் தமிழாக்கிவிட்டு, 'நீர் வரவில்லை, ஆகவே குழாயைப் பிடுங்கு' என்பது எவ்வகை அறிவுடைமை?

இரண்டு மறுப்புகள்

'ஆங்கிலம் இன்றேல் வேலை போய்விடும்' என்பது ஒரு மறுப்பு. ஆங்கிலம் கற்க வேண்டா என்று எவரும் கூறவில்லை. அயல்நாட்டாருக்கு வரைந்து கொடுப்போர் அவர் மொழியில் வரைந்து கொடுக்கட்டும். கொரியனும் அதனைச் செய்கின்றான். ஆயின் கொரியன் தன் நாட்டுக் கட்டடத்தைத் தன் மொழியில் வரைகின்றான். அயலானுக்கு விற்கும் பண்டத்திற்கு அயன்மொழிச் சீட்டு ஒட்டுவது வணிகம். தன் வீட்டுக் குழாய்க்கும் அதே சீட்டை ஒட்டுவது அடிமைத்தனம்.

'எல்போ, டீ என்பவை தொழிலாளர்க்குப் பழகிவிட்டன; மாற்றினாற் குழம்புவர்' என்பது மற்றொரு மறுப்பு. அவர் பழகியது ஒலியை; பொருளையன்று. கடையில் 'எல்போ' கேட்கத் தெரிந்தவனுக்கு, வரைபடத்தில் அதன் அருகே எழுதியிருக்கும் நீண்ட ஆங்கிலத் தொடர் புரிவதில்லை. ஈராண்டு வரை இரு சொல்லையும் அருகருகே வழங்கட்டும். பின்னர்த் தமிழ்ச்சொல் தானே நிலைக்கும். அக்கிராசனர் 'தலைவர்' ஆகவில்லையா? காரியதரிசி 'செயலாளர்' ஆகவில்லையா? மறைமலையடிகளார் 1916இல் தனித்தமிழ் இயக்கம் கண்டபோதும் 'வழக்கத்தை மாற்ற இயலாது' என்றே நகைத்தனர். நகைத்தவர் மேடையேறிய விழாக்களின் அழைப்பிதழ்கள் பின்னர்த் தமிழாயின.

இனிச் செய்ய வேண்டியவை

அழுகை போதும், செயல் வேண்டும். முதலாவது, இரெவிட் மென்பொருளின் கட்டளைப் பெயர்கள் நிறுவனத்தின் கையில் இருப்பினும், குழாய்வகையின் பெயர், இணைப்பியின் பெயர், பட்டியலின் தலைப்பு, வரைபடக் குறிப்பு ஆகியவை பயன்படுத்துவோரே இடுவன. அங்குத் தமிழெழுத்தை இட எவரும் தடுக்கவில்லை. 'கழிவு நிலைக்குழாய் 110', '87.5 பாகை நீள்வளைவு', 'வாட்டம் 50க்கு 1' என இன்றே எழுதலாம். ஒரு பொறியாளன் ஒருமுறை அமைத்த தமிழ்ப் பட்டியலை நூறு பொறியாளர் எடுத்தாளலாம். இதற்கு அரசாணை வேண்டா; முதுகெலும்பு போதும்.

இரண்டாவது, 2002இல் தொடங்கிய 'பிரீகேடு' என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைப்பது. அதன் மூலநிரல் எவர்க்கும் திறந்திருப்பது. 2024இல் அதன் முதல் முழுப்பதிப்பு வெளிவந்தது. கட்டடக் குழாய் வரையவும், இரண்டு குழாய்களை வளைவாகவோ, இரண்டு நேர்வரிசையில் நிற்கும் மூன்று குழாய்களை முக்கூடலாகவோ இணைக்கவும் அதில் தனிக் கருவிகள் உள. அதனை மொழிபெயர்க்க எவர்க்கும் உரிமை உண்டு. கவிதை எழுதும் தமிழார்வலருள் நூற்றில் ஒருவர் நாளுக்குப் பத்துச் சொல் எனத் தந்தாலும், அம்மென்பொருள் முற்றும் தமிழ் பேசும்.

மூன்றாவது, சொற்களை அலுவலகத்தில் இருந்துகொண்டு சமைத்தலாகாது. கொத்தனாரிடமும் குழாய்ப்பணியரிடமும் கேட்டுத் தொகுத்தல் வேண்டும். பாவாணர் முதல் இயக்குநராக அமர, 1974இல் தொடங்கிய சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் சொல்லின் வேரைத் தேடிற்று. இனி அதன் வழியினர் சொல்லின் களத்தையும் தேடட்டும். தொழிற்பயிற்சி நிலையத்துக் குழாய்ப்பணி மாணவன் கையில் அச்சொற்கள் படத்தோடு சேரட்டும்.

நான்காவது, அரசு தன் பணத்திற் கட்டும் ஒவ்வொரு கட்டடத்தின் களவரைபடமும் தமிழில் இருத்தல் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதட்டும். அவ்வொரு வரிக்கு அஞ்சி, மென்பொருள் விற்போர் தாமே தமிழைத் தேடி வருவர். வணிகனுக்கு மொழிப்பற்று இல்லை. வாங்குவோன் சொல்லுக்கு அவன் கட்டுப்படுவான்.

இந்நான்கினும் எளியது முதலாவது. அதற்கு ஒரு நாட்பொழுது போதும். அதனையும் செய்யாதவன் மேடையேறித் தமிழ் வாழ்த்துப் பாடுவானாயின், அவன் நிலைக்குழாயாக நிமிர்ந்து நிற்பவனல்லன். எவன் மிதித்தாலும் கிடக்கும் கிடைக்குழாய்.

தமிழ் இன்று தொழிலைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றது. திரையில் பார்ப்போர்க்கு இடைவெளி தெரிவதில்லை. விளம்பரப் பலகையில் தமிழ், முகப்பில் தமிழ், விழாவில் தமிழ் எனக் கண்கள் மயங்குகின்றன. ஆயின் இணைமுகம் பிணையவில்லை; நீர் பாயவில்லை. பிணைக்கும் கை தமிழனின் கையாகவும், அக்கை மடங்கும் இடத்திற்கு இடும் பெயர் தமிழ்ப்பெயராகவும் இருத்தல் வேண்டும். முழங்கையை முழங்கை என்று கூறும் துணிவு முதலில் பிறக்கட்டும். பிற தாமே இணையும்.